அண்ணன் கேட்ட சிவப்புப் படம்

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்காலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் நலம். நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றி நிற்கிறவனுக்கு முழங்கால் நன்றி சொல்லுமா? அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரை தன் பேச்சைக் கேட்கிறது, புருஷன்தான் கேட்பதில்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாற்பது தாண்டியவளைப் பொடிசு என்கிறானே என்று கோபப்படாதே. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, அவளையும் மரியாதையாகக் கூப்பிட்டால் நான் யாரைத்தான் சீண்டுவது?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணா, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். என் சலூனில் உட்காருகிற ஒவ்வொருவரும் முடி வெட்ட வருவதில்லை, வீட்டுப் பெருமையைக் கொட்ட வருகிறார்கள். மளிகைக்காரர் மகன் கப்பலில் இருக்கிறானாம். எதிர் மாடிக்காரர் மருமகள் விமானம் ஓட்டுகிறாளாம். நான் சும்மா இருப்பேனா? என் தங்கச்சி பெரிய ஆராய்ச்சி செய்கிறாள் என்கிறேன். என்ன ஆராய்ச்சி என்கிறார்கள். அந்த இடத்தில் கத்தரியை வேகமாக ஓட்டிச் சமாளிக்கிறேன். போன வாரம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் விடவில்லை. சமாளித்ததில் அவருடைய இடது கிருதா மேலே ஏறிவிட்டது, அதற்குத் துணையாக வலதையும் ஏற்ற வேண்டியதாயிற்று. மனிதர் இப்போது பத்து வயது குறைந்து தெரிகிறார், அதற்கும் திட்டுகிறார்.

நீ என்னதான் செய்கிறாய்? எனக்குப் புரியும்படி எழுது. எனக்குப் புரிந்தால் தெருவுக்கே புரியும்.

பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்திருக்கும்,
அண்ணன்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடிசு கோபத்துடன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நின்றே வேலை பார்க்காமல் நடுநடுவே உட்காருங்கள். அண்ணிக்கு என் அன்பு.

நான் செய்வது இது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள் தயாராகின்றன. ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தானாக நடந்து போகாது, பையில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பை உருவாவதைப் பார்த்தால் நீங்கள் கடையைச் சாத்திவிட்டு இங்கே வந்துவிடுவீர்கள். கிளாத்ரின் என்று மூன்று கால் புரதம் ஒன்று இருக்கிறது. நிறைய கிளாத்ரின்கள் வந்து காலோடு கால் பின்னிக் கூடை ஆகும். கூடை பின்னப் பின்ன அதன் கீழே உள்ள சவ்வு குழிந்துகொண்டே போய்ப் பையாகும். கழுத்தை இறுக்கிக் கிள்ளிவிடத் தனியாக ஒரு புரதம் உண்டு.

எந்தச் சரக்கு ஏற வேண்டும் என்று யார் சொல்வது? கூடைக்கும் சரக்குக்கும் நடுவே இடையாள் புரதம் நிற்கிறது. சரக்கின் வால் பக்கத்தில் சின்னதாக ஒரு முகவரி இருக்கும். இடையாள் அந்த வாலைப் பிடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே இழுத்துப் போடும். பை பிரிந்ததும் கூடை உறை கழன்றுவிடும். நீங்கள் வாடிக்கையாளருக்குப் போர்த்திய துணியை உதறி அடுத்தவருக்குப் போர்த்துவீர்களே, அப்படி அந்தத் துண்டுகள் அடுத்த பைக்குப் போகும். உறை கழன்ற பை தன் இடத்தில் போய் ஒட்டிச் சரக்கை இறக்கும்.

நான் பார்க்கும் புரதம், பழசையெல்லாம் கரைக்கிற அமில அறைக்குப் போக வேண்டியது. அதில் பச்சையாக ஒளிரும் ஒரு விளக்கை ஒட்டிப் பார்த்தேன். அது அமில அறைக்குப் போகவில்லை அண்ணா. கூடையில் ஏறாமல் செல்லின் வெளிச்சுவருக்குப் போகிறது. யாரும் இதுவரை சொல்லாத புது வழி. கட்டுரை எழுதி அனுப்பிவிட்டோம். அது அச்சானால் எனக்கு இங்கே நிரந்தர வேலை என்று எங்கள் ஆய்வகத் தலைவி, மேடம், சொல்லியிருக்கிறார். ஆகாவிட்டால் இந்த வருடத்தோடு பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். இது நான் தற்காலிகமாக வந்த நாலாவது ஊர். இனி ஐந்தாவது ஊருக்கு எனக்குத் தெம்பில்லை.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். பச்சைக் கோடாகத் தெரிவதுதான் அந்தப் புரதம்.

உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டே,
தங்கை

பிப்ரவரி 15

அன்புள்ள பொடிசுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் இப்போது படியில் இறங்கும்போது மட்டும்தான் பேசுகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன், ஐந்தாம் தடவை அண்ணி படித்துச் சொன்னதும் புரிந்தது. இப்போது சவரத்துக்கு உட்காருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடக்கிறது. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கிளாத்ரினுக்கு எத்தனை கால் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரலைக் காட்டுகிறார்கள். கண்ணாடியில் சவர நுரையால் படம்கூடப் போட்டேன். தலைமையாசிரியர் மட்டும் கத்தியை எடுக்கும்வரை பொறுத்திருந்து, "இதெல்லாம் உன் தங்கச்சி கண்ணால பாத்தாளா, இல்ல நீயா சேத்துக்கிறியா?" என்றார். பாதி சேர்த்ததுதான் என்பதால் பவுடரை அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டேன்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். அதில்தான் சிக்கல். கறுப்பில் பச்சையாக இருக்கிறதா, சுவரில் பாசி பிடித்திருக்கிறது, வெள்ளையடி என்கிறார்கள். ஒருவர் ஈரத்துணியால் துடைக்கவே போய்விட்டார். கொஞ்சம் சிவப்பும் கலந்து ஒரு படம் அனுப்பக் கூடாதா? சலூனுக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஆணி இப்போதே அடித்துவிட்டேன்.

ஆணியோடு காத்திருக்கும்,
அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு என்ன குறை? இந்த வாரம் தரையில் கால் படவில்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! ஜூனில் அச்சாகிறது. மேடம் ஆய்வகத்தில் எல்லாருக்கும் கேக் வெட்டினார். சிரிக்கவே தெரியாதவர் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பெண்மணி, முன்பல் இரண்டும் தெரிய நின்றார்.

இனி உங்கள் சிவப்புக்கு வருகிறேன். கேட்டது நீங்கள் என்பதால் மட்டும் செய்கிறேன். புரதம் அமில அறைக்குப் போனால் அதன் தலைப்பக்கம் அமிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு அமிலத்தில் அணைந்துவிடும். அதனால்தான் அதை வெளியே இருக்கிற வாலில் மாட்டினேன். இப்போது அமிலத்திலும் அணையாத சிவப்பு விளக்கு ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அதைத் தலையில் மாட்டலாம். வாலில் பச்சை மாட்டிய புரதம், தலையில் சிவப்பு மாட்டிய புரதம் இரண்டையும் ஒரே செல்லில் போட்டால் பச்சையும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மஞ்சள்கூடக் கிடைக்கும். உங்கள் சலூனுக்கு மூன்று நிறம் போதுமா? அடுத்த மாதம் படம் வந்துவிடும்.

அண்ணியிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

தலைகால் புரியாமல்,
தங்கை

ஏப்ரல் 12

அன்புள்ள பொடிசுக்கு,

அங்கே நலமா? இங்கே நலத்துக்கு என்ன, வழிகிறது. நீ வேலையில் நிரந்தரமாகப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம் தானாகப் போய்ப் பேசுகிறாள். மூன்று வருடச் சண்டை உன் புரதத்தால் தீர்ந்தது.

எங்கள் சலூன்காரர் சங்கத்துக்கு ஜூன் கடைசியில் ஆண்டுக் கூட்டம். நம் தொழில்காரர் வீட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி என்று உனக்குக் கேடயம் கொடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்காதே. வழிமொழிந்ததும் நான்தான். நீ வர முடியாது என்பதால் உனக்குப் பதில் வாங்கிக்கொள்ளப் போவதும் நானே. பேச்சுக்குக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

சிவப்புப் படம் என்னாயிற்று? ஆணியில் இப்போது யாரோ தொப்பியை மாட்டுகிறார்கள்.

கேடயம் வாங்கக் கை துறுதுறுக்கும்,
அண்ணன்

மே 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் நலமா? இங்கே மழை. குடையை எங்கேயோ விட்டுவிட்டேன். முழங்காலுக்கு டாக்டரிடம் போனீர்களா? தள்ளிப் போடாதீர்கள். அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? போன மாதம் பார்த்தார்களா? வேலை நடக்கிறது.

கூட்டத்தில் ரொம்ப நேரம் பேச வேண்டாம் அண்ணா. எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கை

மே 17

பொடிசு,

இது அட்டை, இடம் கொஞ்சம். எல்லாரும் சுகம். குடை வாங்கு. படம்?

அண்ணன்

மே 20

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதறேன். உன் அண்ணன் கடைக்குப் போனபிறகு எழுதறதால அவருக்குத் தெரியாது.

போன கடிதத்துல என் உடம்பை ரெண்டு இடத்துல விசாரிச்சிருக்கே. இத்தனை வருஷத்துல ஒரு கடிதத்துக்கு ஒரு தடவைக்கு மேல நீ விசாரிச்சதில்ல. அவர் கேக்கற எல்லாத்துக்கும் பதில் வருது, அந்தச் சிவப்புப் படத்துக்கு மட்டும் வரல. அவருக்கு இது உறைக்காது. தலைக்கு மேல என்ன இருக்குங்கறது மட்டும்தான் அவருக்குத் தெரியும், தலைக்குள்ள இருக்கறது தெரியாது. எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீ பாவாடை சட்டையில பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே.

என்ன ஆச்சு? என்கிட்ட சொல்லு.

உன் பதில் வர்ற வரைக்கும் நிம்மதியில்லாத,
அண்ணி

ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் மறைக்க முடியாது என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்த முறை ஒரே ஒரு தடவைதான் கேட்கிறேன்.

சிவப்புப் படம் வந்தது அண்ணி. நன்றாகவே வந்தது. ஆனால் அதில் மஞ்சள் இல்லை. ஒரே செல், ஒரே புரதம். வாலில் பச்சை மாட்டியதெல்லாம் வெளிச்சுவரில் நிற்கிறது. தலையில் சிவப்பு மாட்டியதெல்லாம் உள்ளே, அமில அறைகளில், பொட்டுப் பொட்டாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகம் காலங்காலமாகச் சொல்கிற அதே இடம்.

புரதம் புது வழி எதையும் பிடிக்கவில்லை. அதன் வாலில்தான் முகவரி இருக்கிறது என்று அண்ணனுக்கு எழுதினேனே, அந்த முகவரியின் மேலேயே நான் விளக்கை மாட்டியிருக்கிறேன். இடையாளால் படிக்க முடியவில்லை. கூடையில் ஏற்றவில்லை. ஏற்றாத சரக்கு பொதுவழியில் போய் வெளிச்சுவரில் சேர்ந்துவிட்டது. அதைத்தான் நான் கண்டுபிடிப்பு என்று எழுதியிருக்கிறேன்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மஞ்சள் வரவே இல்லை. கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. சிவப்புப் படத்தை என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. சலூனுக்காக எடுத்த படத்தை யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன் அண்ணி. என்னைப் பெரிய ஆளாக நினைக்காதீர்கள். நிரந்தர வேலை, சொந்தமாக ஒரு மேசை, இனி ஊர் மாற வேண்டாம் என்பதெல்லாம் கண் முன்னால் நின்றது. பிறகு மேடம் அறைக்குப் போனேன்.

படத்தைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றேன்.

அன்றே கட்டுரையை நிறுத்தும்படி அவரே எழுதினார். வேலையைப் பற்றி முடிவெடுக்கிற குழு ஆகஸ்டில் கூடுகிறது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். கட்டுரை போனதைத் தாங்கிக்கொள்வார். அவர் ஆசையாகக் கேட்ட படத்தால் போனது என்பதைத் தாங்க மாட்டார்.

உங்கள்,
பொடிசு

ஜூன் 30

என் அருமைப் பொடிசுக்கு,

நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

உன் அண்ணி ரகசியம் காப்பாள், ஆனால் என்னைக் கோமாளியாக்க விடமாட்டாள். கூட்டத்துக்கு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "மேடையேறறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க," என்று உன் கடிதத்தைக் கொடுத்தாள். படித்தேன். சட்டையில் ஓட்டை விழுந்தது. வேறு சட்டையில் போனேன்.

நான் கேட்ட படம்தான் உன்னைக் கவிழ்த்தது என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்பதா, பெருமைப்படுவதா என்று வழியெல்லாம் யோசித்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எனக்கு எது வருமோ அதையே செய்துவிட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் சிவப்புக் கேட்காவிட்டால் அந்தத் தப்பு உலகமெல்லாம் அச்சாகிப் போயிருக்குமே.

சங்கத் தலைவர் மைக்கில், "உலகத்துக்கே புதுவழி காட்டிய நம் வீட்டுப் பெண்" என்று ஆரம்பித்தார். பார்த்தால் அது நான் எழுதிக் கொடுத்த வாசகம். எழுந்து போய் மைக்கை வாங்கினேன். குறிப்பை எடுக்கவில்லை.

"புதுவழி இல்லைங்க. அது தப்பு," என்றேன். "தப்புன்னு சொன்னதும் என் தங்கச்சிதான். சொல்லாம இருந்திருந்தா வேலை கிடைச்சிருக்கும். சொல்லிட்டா. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது."

விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் எழுந்தார். இன்றைக்கு மாட்டினேன் என்று நினைத்தேன்.

"நாலு மாசமா நீ சொன்னதுல பாதியத்தான்யா நம்பினேன்," என்றார். "இப்ப சொன்னத முழுசா நம்பறேன்." உட்கார்ந்து கைதட்ட ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் அவரிடம் படித்தவர்கள் நிறுத்த முடியுமா? மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

கேடயத்தை நான் வாங்கவில்லை. "புதுவழி" என்று அதில் பொறித்திருந்தது. தலைவர் கையில் வைத்துக்கொண்டு தவித்துவிட்டுக் கடைசியில் ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

அந்தச் சிவப்புப் படத்தை அனுப்பு. குழு என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

நம்மைப் பெற்றவர்கள் இருந்தால் எழுதியிருக்க வேண்டியதை அவர்களுக்குப் பதிலாக எழுதும்,
அண்ணன்

ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம். உண்மையாகவே நலம். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

குழு கூடியது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, இங்கே இருந்த காலத்தில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டார். நிறுத்திய கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். நான் முடித்ததும், கூட உட்கார்ந்திருந்த மேடம், "நம்ம ஆய்வகத்துல இனிமே யார் எந்த விளக்கை மாட்டினாலும் ரெண்டு முனையிலயும் மாட்டிப் பாத்துட்டுத்தான் என்கிட்ட வரணும். அந்த விதி இவங்களால வந்தது," என்றார்.

நிரந்தர வேலை இல்லை அண்ணா. அதற்கு அச்சான கட்டுரை வேண்டுமாம். இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். இந்தப் புரதத்துக்கு வாலில் விளக்கு மாட்டாதீர்கள் என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி வெளியிட்டோம். எங்கேயோ ஒரு நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருக்கிறாள். அவளும் அதே விளக்கை அதே வாலில் மாட்டிவிட்டு ஒரு வருடமாக விழித்துக்கொண்டிருந்தாளாம். நன்றி சொல்லி, இனி தலையில் மாட்டப் போவதாக எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் இங்கேதான். தைரியமாகக் கட்டில் வாங்கிவிட்டேன்.

தங்கை

செப்டம்பர் 14

அன்புள்ள பொடிசுக்கு,

கட்டில் அகலமானதாக வாங்கினாயா? அடுத்த வருடம் அண்ணியும் நானும் வருவதாக முடிவு செய்திருக்கிறோம். உன்னைக் கேட்கவில்லை, அறிவிக்கிறேன். உடம்பெல்லாம் சௌகரியம்.

இன்று ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் முடி வெட்ட உட்கார்ந்தார். அவருக்கு நம் கதை எதுவும் தெரியாது. பாதி வெட்டும்போது நான் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டேன். தங்கச்சி விஞ்ஞானி என்றேன். என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டார்.

"தன்னோட தப்ப," என்றேன். "வேற ஒருத்தர் பாக்கறதுக்கு முன்னாடி."

அவர் தலையை நிமிர்த்தினார். "அதுக்கா இவ்வளவு பெருமை?"

"அதுக்குத்தான்," என்று சொல்லி அவர் தலையைப் பழையபடி குனிய வைத்து, பின்கழுத்தை வெட்ட ஆரம்பித்தேன்.

உன் அண்ணன்